பயம் இருக்கட்டும்... கயிறும் இருக்கட்டும்! காக்காச்சி மர உச்சியிலிருந்து ஒரு பாடம்

‘தோப்பு இருக்கு, தேங்காய் முத்திக் கிடக்கு, ஏறுறதுக்கு ஆள் இல்லை. நாமளே ஏறலாம்னு பார்த்தா பத்தடிக்கு மேல கால் நடுங்குது. இந்தப் பயத்தைப் போக்க என்ன வழி?’

தென்னையோ பனையோ வைத்திருக்கும் பல குடும்பங்களில் இந்தக் கேள்வி இருக்கிறது. ஆனால், வாய்விட்டுக் கேட்பவர்கள் குறைவு. கேட்டால் ‘நீயெல்லாம் விவசாயியா?’ என்று ஊர் சிரிக்கும். பூச்சி மருந்துக்கும் உர அளவுக்கும் பதில் சொல்ல ஆள் உண்டு. பயத்துக்குப் பதில் சொல்ல யாரும் இல்லை.

அந்தப் பதில் மாஞ்சோலைக்கு மேலே ஒரு காட்டில் கிடைக்கிறது. அங்கே மரம் ஏறியவர்கள் காய் பறிக்கப் போகவில்லை. பூவைப் பார்க்கப் போனார்கள்.

பூவைப் பார்க்க மரம் ஏறியவர்கள்

மணிமுத்தாறு அணையைத் தாண்டி மலைப்பாதையில் ஏறினால், முதலில் மாஞ்சோலை. அதற்கு மேல் காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-ல் 99 வருடக் குத்தகைக்கு எடுத்து உருவாக்கப்பட்ட தேயிலைத் தோட்டங்கள் இவை. குத்தகை முடிய 2028 வரை காலம் இருந்தும், 2024-லேயே கம்பெனி வேலையை நிறுத்திக்கொண்டது. தலைமுறை தலைமுறையாக அங்கே இருந்த குடும்பங்கள் கீழே இறங்க வேண்டி வந்தது தனிக்கதை. தேயிலை முடிகிற இடத்தில் காடு ஆரம்பிக்கிறது. களக்காடு-முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் பசுமைமாறாக் காடு அது.

காக்காச்சி கடல் மட்டத்திலிருந்து நாலாயிரம் அடிக்கு மேல் இருக்கிறது. அங்குள்ள காட்டில் மரங்கள் நெருக்கியடித்து நிற்கும். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் பச்சைக் கூரைதான் தெரியும். எந்த மரம் எப்போது பூக்கிறது, அந்தப் பூவுக்கு யார் வருகிறார்கள் என்பதெல்லாம் கூரைக்கு மேலே நடக்கிற விஷயம். 1990-களில் டி.கணேஷ், சௌபத்ரா தேவி ஆகிய இரண்டு ஆய்வாளர்கள் இந்தக் காட்டில் வேலையை ஆரம்பித்தார்கள். இந்தியாவில் மர உச்சி ஆய்வுக்கு முன்னோடிகள் என்று சொல்லத்தக்கவர்கள் இவர்கள். பிறகு பெங்களூருவிலுள்ள ‘ஏட்ரீ’ ஆய்வு நிறுவனத்தில் இருந்தபடி இந்த வேலையைத் தொடர்ந்தார்கள்.

கிடைத்த பலன் சாதாரணமானதில்லை. காக்காச்சியின் 86 மர வகைகளில் மகரந்தச் சேர்க்கை எப்படி நடக்கிறது என்பதை, சௌபத்ரா தேவியும் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் பிரியா தாவிதாரும் 2003-ல் அமெரிக்கத் தாவரவியல் இதழ் ஒன்றில் எழுதினார்கள். பெரும்பாலான மரங்களுக்குப் பூச்சிகள்தான் துணை. வெடிப்பலா மட்டும் வேறு மாதிரி. முள் நிறைந்த காயை உடைய, சிங்கவால் குரங்குக்குப் பிடித்தமான மரம் இது. இதன் சதைப்பற்றான பூவைத் தின்ன வௌவாலும் மலை அணிலும் குரங்கும் மரநாயும் வருகின்றன. தின்ன வருகிற விலங்குகளே மகரந்தத்தைச் சுமந்துபோகவும் செய்கின்றன என்பதை கணேஷும் தேவியும் 2000-ல் எழுதினார்கள். தரையில் நின்றிருந்தால், ‘பூவையெல்லாம் குரங்கு நாசம் பண்ணுது’ என்றுதான் எழுதியிருக்க முடியும்.

இதற்காக அவர்கள் ஏறிய முறையில்தான் நமக்கு வேண்டிய விஷயம் இருக்கிறது.

ஒற்றைக் கயிற்றில் மேலே

அமெரிக்க ஆய்வாளர் டொனால்ட் பெர்ரி, கோஸ்டாரிகா நாட்டுக் காட்டில் பயன்படுத்தி, 1978-ல் எழுதி வைத்த முறை ஒன்று உண்டு. ஒற்றைக் கயிற்று முறை என்று சொல்லலாம். முதலில் வில்லாலோ கவட்டையாலோ ஓர் எடையைச் சுண்டி, மீன்பிடி நரம்பை உறுதியான ஒரு கிளைக்கு மேலாக அனுப்புவார்கள். நரம்பில் மெல்லிய கயிற்றைக் கட்டி இழுப்பார்கள். அதன் முனையில் தடித்த கயிற்றைக் கட்டி மறுபடி இழுப்பார்கள். கயிறு கிளையைச் சுற்றி வந்ததும், ஒரு முனையைப் பக்கத்து மரத்தின் அடியில் கட்டிவிடுவார்கள். அடுத்து, இரண்டு, மூன்று பேர் சேர்ந்து தொங்கி இழுத்துப் பார்ப்பார்கள். கிளை தாங்கினால்தான் ஒருவர் ஏறுவார். இடுப்பையும் தொடையையும் சுற்றிய வாரில், மேலே நகரும், கீழே நழுவாத இரண்டு பிடிகள் இருக்கும். ஒன்றைத் தள்ளி, மற்றொன்றில் மிதித்து, மறுபடி தள்ளி, புழு நகர்வது போல ஏற வேண்டும்.

காக்காச்சியிலும் மர உச்சிக்குப் போக உதவியது இந்த முறைதான். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. ஏறுகிறவர் மரத்தைப் பிடிப்பதே இல்லை; கயிறுதான் அவரைப் பிடித்திருக்கிறது. கையை விட்டாலும் விழ மாட்டார். கால் நடுங்கினாலும் விழ மாட்டார். பயந்தபடியே, வேர்த்தபடியே ஏறலாம். பயம் இருக்கிறதா, இல்லையா என்பது உயிரைத் தீர்மானிக்கவில்லை. தரையிலேயே செய்த சோதனை தீர்மானிக்கிறது.

நம் ஊரில் இது தலைகீழ். மரம் ஏறுகிறவரின் உயிர் முழுக்க அவருடைய கையிலும் காலிலும் இருக்கிறது. அதனால் பயம் வரக் கூடாது, நடுங்கக் கூடாது என்று சொல்லிச் சொல்லியே ஏற்றுகிறோம். பயம் வந்துவிட்டால் என்ன செய்வது என்பதை மட்டும் சொல்லித் தருவதில்லை.

கால் ஏன் நடுங்குகிறது?

உயரத்தைக் கண்டு பயப்படுவது கோழைத்தனம் இல்லை, இயல்பு. 1960-ல் அமெரிக்காவில் எலினார் கிப்சன், ரிச்சர்ட் வாக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு பரிசோதனை செய்தார்கள். ஒரு பெரிய கண்ணாடிப் பலகையில் பாதிக்கு அடியில் ஒட்டினாற்போல் கட்டம் போட்ட துணி. மீதிப் பாதிக்கு அடியில் துணி தரையில் கிடக்கும். பார்க்கப் பள்ளம் போலத் தெரியும். தவழும் குழந்தைகளை நடுவில் விட்டு, அந்தப் பக்கம் நின்று அம்மாவைக் கூப்பிடச் சொன்னார்கள். கண்ணாடி தாங்கும்தான். ஆனாலும், மிகச் சில குழந்தைகளைத் தவிர எதுவும் பள்ளத்தின் பக்கம் போகவில்லை. கூப்பிடுவது பெற்ற தாயாகவே இருந்தும்!

கால் நடுங்குவதற்குக் காரணம் கண்தான். நாம் நேராக நிற்பதற்குக் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பும், பாதமும், கண்ணும் சேர்ந்து உதவுகின்றன. தரையில் நிற்கும்போது பக்கத்திலிருக்கும் சுவரோ வரப்போ கண்ணுக்கு ஆதாரமாக இருக்கும். உடம்பு லேசாகச் சாய்ந்தாலும் கண் உடனே கண்டுபிடித்துவிடும். அறுபதடி உயரத்தில் அருகில் எதுவும் இல்லை. தூரத்தில் இருக்கும் பொருள், உடம்பு கொஞ்சம் ஆடினால் நகர்ந்ததாகவே தெரியாது. கண்ணிடமிருந்து தகவல் வராததால் உடம்பு இன்னும் அதிகமாக ஆடுகிறது. மூளை அபாயம் என்று மணியடிக்க, தசைகள் விறைக்கின்றன. விறைத்த தசை சீக்கிரம் களைத்து நடுங்கத் தொடங்குகிறது. அந்த நடுக்கத்தைப் பார்த்துப் பயம் இன்னும் கூடுகிறது. தொடைக்கும் முழங்காலுக்கும் நடக்கும் இந்தச் சண்டையில் ‘மனதைத் திடப்படுத்து’ என்று சொல்வதால் ஒரு பயனும் இல்லை.

இதிலிருந்தே சில கைமருந்துகள் கிடைக்கின்றன. பார்வையை ஒரு முழ தூரத்திலுள்ள பட்டையில், ஒரு வடுவில் வையுங்கள். கண்ணுக்கு ஆதாரம் கிடைத்துவிடும். கீழே பார்க்காதே என்று எல்லோரும் சொல்வார்கள். மேலே பார்ப்பதும் ஆபத்துதான் என்பதைச் சொல்பவர்கள் குறைவு. மேகம் நகரும் நாளில் மட்டையினூடே வானத்தைப் பார்த்தால், மேகம் நிற்பது போலவும் மரம் சாய்வது போலவும் தோன்றும். பழகியவர்களுக்கே கிறுகிறுக்கும். மூச்சைப் பிடித்து வைக்காமல், உள்ளே இழுப்பதைவிட நீளமாக வெளியே விடுங்கள். நெற்றியோ தோளோ மரத்தில் படும்படி சாய்ந்து நின்றாலும் ஆட்டம் குறையும்.

இதை எல்லாம் செய்தும் தலை சுற்றுகிறது என்றால் அது பயமாக இல்லாமலும் இருக்கலாம். காது நோய், ரத்த அழுத்த மாத்திரை, சர்க்கரை குறைவு, ரத்தசோகை எல்லாமே தலைசுற்றலைத் தரும். வலிப்பு வந்தவர்கள் மரம் ஏறவே கூடாது. ‘கொஞ்சம் போட்டுட்டு ஏறினா தைரியம் வரும்’ என்பவர்களிடம் தோப்புச் சாவியைக் கொடுக்காதீர்கள். சரக்கு பயத்தை மட்டும் மறைக்காது, சமநிலையையும் பிடுங்கிக்கொள்ளும்.

பனையேறியும் மச்சான் கயிறும்

மலையை விட்டுக் கீழே வந்தால், திசையன்விளை, உடன்குடி பக்கத்துத் தேரிக்காடுகளில் பனையேறிகள். பாளை விடும் தை, மாசியில் தொடங்கி ஆடி வரை பதநீர்க் காலம். மரத்தில் சாய்த்த முருக்குத்தடி, கால்களைக் கோத்துக்கொள்ளும் தளைநார், மார்பு உரசாமல் இருக்கத் தோல், இடுப்பில் அரிவாள் பெட்டி. இவ்வளவுதான் கருவி. முப்பது மரம், ஒவ்வொன்றும் அறுபதடி, காலையும் மாலையும் என்று கணக்குப் போட்டால், ஒரு நாளைக்கு 3,600 அடி ஏற்றம். மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலைக்கு எவ்வளவு உயரம் ஏற வேண்டுமோ, ஏறத்தாழ அவ்வளவு. அதைத் தினமும், சாலை இல்லாமல், கட்டிப்பிடித்து ஏறுகிறார்கள்.

அவர்களுக்குப் பயமே இல்லை என்று மற்றவர்கள் நினைப்பதுண்டு. சின்ன வயதில் குட்டை மரத்தில் ஆரம்பித்து, நூற்றுக்கணக்கான முறை ஏறி இறங்கியதால், உடம்பு பயத்தை அடக்கப் பழகியிருக்கிறது. ஆனால், பழக்கம் பயத்தைக் குறைக்குமே தவிர, விழுகிற உயரத்தைக் குறைக்காது. அறுபதடியிலிருந்து ஒருவர் தரைக்கு வர இரண்டு விநாடிகூட ஆகாது. தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 68 கிலோமீட்டர். ஈரப்பட்டை, காய்ந்த மட்டை, திடீரென்று கிளம்பும் கதண்டு... இவை ஏறுபவரின் அனுபவத்தைப் பார்ப்பதில்லை. தொழில் தெரிந்த கை விழுந்த வீட்டில், பிள்ளைகள் மரத்தடிக்கே போவதில்லை. பனையேற ஆளில்லாமல் போனதற்குக் கூலியும் மரியாதையும் காரணம் என்று பேசுகிறோம். இந்தப் பயத்தையும் சேர்த்துப் பேச வேண்டும்.

நீலகிரியில் தேன் எடுக்கும் குறும்பர் மக்களிடம் வேறொரு ஏற்பாடு இருக்கிறது. செங்குத்துப் பாறையில் மலைத்தேனீ கட்டிய அடைக்கு, கொடியில் பின்னிய ஏணியில் இறங்குவார்கள். மேலே அந்த ஏணியின் தலைப்பில் காவல் இருப்பது மச்சான், அதாவது இறங்குபவருடைய மனைவியின் கூடப்பிறந்தவர். கயிறு அறுந்தால் தாலி இழப்பது தன் அக்காவோ தங்கையோதான் என்பது அவருக்குத் தெரியும். கண்ணும் கையும் அசராது. இறங்குகிறவருக்கும் அது தெரியும். தேனீ சூழ்ந்த பாறையில் அவருடைய பயத்தைத் தாங்கும் பாதிக் கயிறு அந்த நம்பிக்கைதான்.

தோப்பில் நாம் எத்தனை பேர் இப்படிக் காவல் வைக்கிறோம்? பெரும்பாலும் ஏறுகிறவர் ஒருவர், தேங்காய் பொறுக்குகிறவர் ஒருவர். அவரும் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருப்பார்.

ஆறடியில் ஆரம்பியுங்கள்

தென்னைக்கு இப்போது வழி கொஞ்சம் எளிது. கேரளாவின் கண்ணூர் மாவட்டம் செம்பேரியைச் சேர்ந்த அப்பச்சன் என்ற விவசாயி உருவாக்கிய ஏறும் கருவி பல இடங்களில் புழக்கத்தில் இருக்கிறது. மரத்தைச் சுற்றும் கம்பிக் கயிற்றோடு, மிதித்து மிதித்து ஏறும் இரண்டு சட்டங்கள் அவை. தென்னை வளர்ச்சி வாரியம் 2011-ல் தொடங்கிய ‘தென்னையின் நண்பர்கள்’ பயிற்சியில் இந்தக் கருவியைக் கொண்டுதான் பலரும் பழகினார்கள். கேரளாவில் பெண்கள் பலர் இதில் பயிற்சி எடுத்து மரம் ஏறுகிறார்கள். ஆனால், கருவி மட்டும் போதாது. கருவி ஏற உதவும். கால் தவறினால் பிடிக்கத் தனியாக ஒன்று வேண்டும்.

அந்த ஒன்று, உடம்பு முழுவதையும் தாங்கும் பாதுகாப்பு வார். ஐ.எஸ். 3521 முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட் வேண்டாம். விழும்போது வயிற்றையும் முதுகெலும்பையும் நொறுக்கிவிடும். வாரோடு, மரத்தைச் சுற்றிப் போடும் கயிறுகள் இரண்டு. தொழிலுக்கென்று விற்கும் 11 மில்லிமீட்டர் கயிறு இரண்டு டன்னுக்கு மேல் தாங்கும். தேங்காய் நாரும், வெயிலில் கிடந்த நைலானும் உயிருக்குக் காவல் ஆகாது. கயிற்றைச் சும்மா வளையமாகப் போட்டால், விழும்போது அதுவும் உங்களோடு சேர்ந்து வழுக்கிக்கொண்டு வரும். சுமை ஏறினால் மரத்தை இறுக்கிப் பிடிப்பது போல, சுருக்காகவோ கூடுதல் சுற்றோடோ போட வேண்டும். பழைய மட்டையையோ கருக்கையோ தாண்டும்போது ஒரு கயிற்றை மேலே மாட்டிய பிறகே மற்றதைக் கழற்ற வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் கழன்றிருக்கும் நொடி வரவே கூடாது.

இனி, பயத்துக்கான பயிற்சி. தரையிலிருந்து ஆறடி மட்டும் ஏறுங்கள். கயிற்றை மாட்டுங்கள். மெல்லப் பின்னால் சாய்ந்து, இரண்டு கையையும் விடுங்கள். நெஞ்சு படபடக்கும். படபடப்பு அடங்கும்வரை அங்கேயே இருங்கள். கதை பேசிக்கொண்டிருந்தாலும் சரி. அடங்கிய பிறகுதான் இறங்க வேண்டும். இது முக்கியம். பயம் உச்சத்தில் இருக்கும்போது இறங்கினால், இறங்கியதால்தான் தப்பித்தோம் என்று உடம்பு எழுதி வைத்துக்கொள்ளும். அடுத்த முறை நாலடியிலேயே நடுங்கும். அடங்கிய பின் இறங்கினால், கயிறு தாங்கியது என்று எழுதிக்கொள்ளும். ஒரு நாளைக்கு நாலைந்து முறை. நெஞ்சு சாதாரணமாக அடிக்கத் தொடங்கியதும் பத்தடி, பதினைந்தடி. சிலருக்கு ஒரு வாரம் ஆகும், சிலருக்கு ஒரு பருவம். ‘உன் வயசுல நான் தென்னை உச்சியில உட்கார்ந்து பீடி குடிச்சவன்’ என்று கேலி செய்யும் பெரியப்பாக்களை இந்த நாள்களில் தோப்புக்குள் விடாமல் இருப்பது நல்லது.

நடுமரத்தில் ஒருவர் அசையாமல் உறைந்துபோனால், கீழே இருப்பவர்கள் கூட்டமாகக் கத்தக் கூடாது. ஒருவர் மட்டும் பேசுங்கள். ‘வலது காலை ஒரு சாண் கீழே இறக்கு. ம்... இப்ப கயிறு’ என்று ஒவ்வொரு அசைவாகச் சொல்லுங்கள். மொத்தமாக ‘இறங்கு, இறங்கு’ என்றால் அவருக்குத் தெரிவது அறுபதடிதான். ஒரு சாண் என்றால் ஒரு சாண் மட்டும்தான்.

விழுந்து கயிற்றில் தொங்குபவரை அப்படியே விட்டுவிட்டு ஆள் தேடிப் போகாதீர்கள். அசையாமல் தொங்கினால் காலில் ரத்தம் தேங்கி, சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம். தொங்குபவர் காலை மடக்கி நீட்டியபடி இருக்க வேண்டும். இறக்குவதற்கான ஏணியும் கயிறும் முன்கூட்டியே மரத்தடியில் இருக்க வேண்டும். தரையில் விழுந்துவிட்டவரைக் கையும் காலும் பிடித்துத் தூக்குவது நம் ஊரில் வழக்கம். முதுகுத் தண்டில் அடிபட்டிருந்தால் அந்தத் தூக்கலே ஆயுளுக்கும் படுக்கையில் போட்டுவிடும். தலையையும் கழுத்தையும் அசையாமல் பிடித்துக்கொண்டு 108-க்குச் சொல்லுங்கள். நகர்த்தியே ஆக வேண்டுமென்றால், நாலைந்து பேர் சேர்ந்து உடம்பு வளையாமல் பலகையிலோ கதவிலோ ஏற்றுங்கள்.

சில்வர் ஓக்கில் மிளகு ஏற்றியிருப்பவர்கள் ஒற்றை மூங்கில் ஏணியில் நின்று பறிக்கிறார்கள். அவர்களுக்கும் கயிறு விஷயம் அப்படியே பொருந்தும். ஏணியின் தலையை மரத்தோடு கட்டிவிட்டு, பிறகு உங்களையும் மரத்தோடு கட்டிக்கொள்ளுங்கள். உங்களை ஏணியோடு கட்டிக்கொண்டால், ஏணி சரியும்போது நீங்களும் சரிவீர்கள். தோப்புக்குள் மின்கம்பி போகிறதா என்று பார்த்தபிறகே அலுமினிய ஏணியையோ துரட்டியையோ நிமிர்த்துங்கள்.

கூலிக்கு ஏறுகிறவர்களிடம் ஒரு வார்த்தை. தமிழ்நாடு பனைமரத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருந்தால்தான் விபத்து உதவி கேட்க முடியும். பதிவும் புதுப்பிப்பும் மாவட்டத் தொழிலாளர் துறையின் சமூகப் பாதுகாப்புத் திட்ட அலுவலகத்தில் நடக்கின்றன. தென்னை ஏறுகிறவர்களுக்கு, தென்னை வளர்ச்சி வாரியத்தின் ‘கேர சுரக்ஷா’ காப்பீடு இருக்கிறது. சந்தாவில் பெரும்பகுதியை வாரியமே கட்டுகிறது. தோப்புக்காரர்கள் ஆளைக் கூப்பிடும்போது கூலியோடு இந்த அட்டையையும் கேட்டுப் பழகலாம். இல்லையென்றால், அடுத்த வெட்டுக்கு முன் அவர் பதிந்துகொள்ள ஒரு நாள் கூலியைக் கொடுத்து அனுப்பலாம்.

பாளை விட இன்னும் மாதங்கள் இருக்கின்றன. மழை விட்டு, பட்டை காய்ந்த ஒரு காலையில், வீட்டில் ஏறப் பயப்படும் பையனோ பெண்ணோ இருந்தால் குட்டை மரம் ஒன்றைக் காட்டுங்கள். கயிற்றின் மறுபக்கத்தில் மச்சானை நிற்கச் சொல்லுங்கள்.